அமுக்கரா: பினாங்கில் வாங்கிப் பார்த்த கிழங்கு, சூரணம், மாத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமுக்கரா வாங்க நினைப்பவர்கள் முழுக் கிழங்காக வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் சூரணம். மாத்திரை கடைசி, அதுவும் பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகு. ஏன் இந்த வரிசை என்று கீழே எழுதியிருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான், ஆனால் உடம்புக்குள் போகிற பொருள், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால் உடம்பு அசந்து கிடக்கும், மண்டை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் லைனில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான், ஆளாளுக்கு ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். இப்போது எல்லார் வாயிலும் அஷ்வகந்தா. டிக்டாக்கைத் திறந்தால் அது, பார்மசி அலமாரியில் அது, ஷாப்பியில் அதைப் போட்டு மிட்டாய்கூட விற்கிறார்கள். இந்த அஷ்வகந்தாதான் நம் பெரியவர்கள் உடம்பு தேறாதவர்களுக்குப் பாலில் போட்டுக் கொடுத்த அமுக்கராக் கிழங்கு என்று சொன்னால் கூட வேலை செய்யும் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, கிழங்கு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கமும் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் இன்னமும் நாட்டு மருந்துச் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. நான் வாங்குவது ஒரு பாய் நடத்தும் சின்னக் கடையில். கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைக்கு என் முழு மதிப்பெண் ஏன் என்று சொல்ல வேண்டும். அமுக்கரா என்று கேட்டதும் அவர் பொட்டலம் கட்டத் தொடங்கவில்லை. "யாருக்கும்மா? தைராய்டு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா? மாசமா இருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான், தூக்கத்துக்கு என்றதும் "அப்ப சீமை அமுக்கரா எடுத்துக்குங்க, நாட்டு அமுக்கரா வேணாம்" என்று தகர டின்னைத் திறந்து கிழங்கைக் கையில் கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொன்னார். இத்தனை கேள்வி கேட்காத கடையில் நான் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து எதையும் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள்.

சீமை அமுக்கரா என்பது வயலில் பயிர் செய்து எடுக்கும் கிழங்கு. ராஜஸ்தானின் நாகௌர், மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம்தான் அதிகம் விளைகிறது. மழைக்காலத்தில் விதைத்து, ஐந்தாறு மாதம் கழித்துச் செடி காய்ந்து பழம் சிவக்கும்போது வேரோடு பிடுங்கி, வெட்டிக் காயவைத்துத் தரம் பிரிப்பார்கள். வேர்தான் சரக்கு, நாம் கிழங்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்றால், பென்சில் கனத்தில் நேராக இருக்கும், வெளியே மங்கிய பழுப்பு, உடைத்தால் நார் இழுக்காமல் பட்டென்று முறியும், உள்ளே மாவாக வெள்ளை. முறிக்கும்போது நார் நாராகப் பிரிந்தால் அது முற்றிப்போனது அல்லது காட்டில் தானாக வளர்ந்தது. மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டு துளைக்கும், அதனால் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு துண்டை மென்றால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் கசப்பும் லேசான காரமும் வரும், வாய் கொஞ்சம் வழவழக்கும். குதிரை வாடை என்று சொல்வார்களே, அது பச்சை வேரில்தான் தூக்கலாக இருக்கும், காய்ந்து கப்பலேறி வந்ததில் குறைவு.

இதையெல்லாம் பொடியாக வாங்கினால் பார்க்க முடியுமா? முடியாது. நான் கிழங்கை முதலில் வைத்ததற்குப் பெரிய காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. செடியின் இலை மலிவு, வேர் விலை அதிகம். பொடியாகவோ சாறாகவோ ஆன பிறகு இலை கலந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. இந்தியாவின் ஆயுஷ் அமைச்சே 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அஷ்வகந்தா இலையைப் பயன்படுத்தாதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று அறிவுரை அனுப்பியது. அமைச்சு எழுதி அனுப்புகிற அளவுக்கு அது நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம். இலைக்கும் நம் வைத்தியத்தில் இடம் உண்டு, வீக்கத்துக்கும் கட்டிக்கும் அரைத்து மேலே பற்றுப் போடுவார்கள். உள்ளுக்குக் கொடுப்பது வேர்.

வாங்கி வந்த கிழங்கை அப்படியே அரைத்துச் சாப்பிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் சுத்தி, அதாவது தூய்மை, செய்யாமல் சரக்கை மருந்தாக்குவதில்லை. அமுக்கராவுக்குப் பிட்டவியல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புட்டு அவிப்பதுதான். கிழங்கை நன்றாகத் துடைத்து, உரலில் தட்டி, மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பானையில் பாலும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி மூடி, சிறு தீயில் ஆவி கட்டுங்கள். பொடி ஆவியிலேயே வெந்து நிறம் கொஞ்சம் மாறும், வீடு முழுக்கப் பால் வாசம் அடிக்கும். எடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து, மறுபடி அரைத்து, துணியில் சலித்தால் முடிந்தது. வெயில் விஷயத்தில்தான் பினாங்குக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எப்போது இருட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது, அதனால் காலை வெயிலிலேயே முடித்துவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். மசாலா மில்லில் கொடுத்து அரைக்கலாமே என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள், முன்னால் அரைத்த மிளகாயின் நெடி ஏறிவிட்டால் அந்தப் பொடி பாலுக்கு உதவாது.

விலையும் நியாயம்தான். ஒரு பாட்டில் மாத்திரை வாங்குகிற காசுக்குக் கிழங்காக வாங்கினால் அதைவிடப் பல நாளைக்கு வரும். கையில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து சூரணம். இந்தியாவிலிருந்து வரும் அமுக்கராச் சூரணம் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கமும் கிடைக்கிறது, இங்கேயும் கிடைக்கிறது. இதன் யோகத்தை, அதாவது சேர்மான அளவை, ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்கவே முடியாது, அவ்வளவு அழகு. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதின் இரட்டிப்பு. எழுதி வைக்க ஏடுகூட வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும், அளவு தானாக வந்துவிடும். இப்படி ஒரு கணக்கை வைத்த வைத்தியர் யாராக இருந்தாலும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அதே கணக்கைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 255 பங்கு. அதில் சர்க்கரை 128, அதாவது பாதிக்கு மேல் ஒரு பொட்டு. அமுக்கரா கால் பங்கு. 5 கிராம் சூரணம் சாப்பிட்டால் அமுக்கரா 1¼ கிராம், சர்க்கரை 2½ கிராம். நம் நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதிலும் இந்தியர்களிடையேதான் அதிகம். வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தேநீரில் சீனியை நிறுத்திவிட்டு, இரவு சூரணத்தைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் சேர்மானம் அச்சிட்டுத்தான் இருக்கிறது, எழுத்துதான் எறும்பு அளவு. விற்பவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அமுக்கராவுக்கே இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதால், மாத்திரை சாப்பிடுகிற நீரிழிவுக்காரர்கள் எந்த வடிவில் எடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சூரணத்தின் சுவை எனக்குப் பிடிக்கும். சுக்கும் திப்பிலியும் மிளகும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்போதே சூடு தெரியும், சளி பிடித்தவர்களுக்கும் சாப்பாடு செரிக்காதவர்களுக்கும் இதமாக இருக்கும். புண் உள்ள வயிறாக இருந்தால் எரியும். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்ட ஷிப்ட் ஆட்களுக்கு இது ஒத்துவராது, வெறும் கிழங்குப் பொடி பாலில் கலந்தது ஒத்துவரும். 5-க்கு 3½ தருகிறேன். சீனிக்கும் சின்ன எழுத்துக்கும் அரை மதிப்பெண் குறைத்தேன், மிளகுச் சூட்டுக்கு ஒன்று, ஆனால் அது என் வயிற்றைப் பொறுத்த கணக்கு.

மாத்திரைக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம். மலேசியாவில் மாத்திரையாகவோ கேப்சூலாகவோ விற்கும் பாரம்பரிய மருந்து எதுவாக இருந்தாலும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-இடம் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி 8 இலக்கமும், பாரம்பரிய மருந்து என்றால் கடைசியில் டி (T) என்ற எழுத்தும் இருக்கும், கூடவே மினுங்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் பதிவு வைத்திருப்பவரின் பெயரும் வரும். இரண்டு நிமிட வேலை. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நான் ஆர்டர் செய்த பாட்டிலில் எண்ணும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. கேட்டதற்கு "இது மருந்து இல்ல சிஸ்டர், உணவுதான்" என்று பதில் வந்தது. அதே பாட்டிலின் லேபிளில் மன அழுத்தத்தைக் குணப்படுத்தும் என்று எழுதியிருக்கிறது. திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிட்டேன். பதிவில்லாத பொடி, மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்து பிடிபடுவது இந்த நாட்டில் புதிது இல்லை, அதனால் இதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார்மசியில் வாங்கிய பதிவு பெற்ற கேப்சூல் பரவாயில்லை. எடுத்துப் போக வசதி, கசப்பில்லை, அளவு மாறாது. வேரின் பொடியா, அதன் செறிவூட்டிய சாறா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் இரண்டும் ஒன்றில்லை. ஆயுர்வேத மருந்து நூலில் வேர்ப்பொடிக்கு 3 முதல் 6 கிராம் என்று இருக்கும். சாற்றில் 300 மில்லிகிராமே ஒரு வேளைக்குப் போதும் என்பார்கள். பொடிக்கு வைத்த அளவை நினைத்துக்கொண்டு சாற்றை அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இந்தக் கிழங்கின் பழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு இதைப் படிக்கப் படிக்க ஆசை விடவில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் பலம் தருபவை, உடம்பைப் பெருக்குபவை என்ற இரண்டு வகுப்பிலும் இது இருக்கிறது. அதாவது அன்றைக்கு இதை மெலிந்து, களைத்து, ஓய்ந்துபோன உடம்பைத் தேற்றும் மருந்தாகத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள். உடம்பு தேறினால் தூக்கம் தானாக வரும் என்ற கணக்கு. நம் பக்கத்திலும் லேகியமாகவும் சூரணமாகவும் கொடுத்தது அதற்குத்தான். ஆனால் செடி இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை, ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல், அரபு நாடுகள் என்று வறண்ட நிலமெல்லாம் தானாக வளரும். 1922-இல் எகிப்தில் கண்டுபிடித்தார்களே துத்தன்காமுன் கல்லறை, அந்த அரசனுக்குச் சாத்தியிருந்த பூமாலையில் இந்தச் செடியின் பழங்களும் கோத்திருந்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேலான மாலை! 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது நம் சொடக்குத் தக்காளி இனத்தோடு சேர்த்து, தூக்கம் தருவது என்ற அடைமொழியும் கொடுத்தார். பழத்தைப் பார்த்தால் ஏன் சேர்த்தார் என்று புரியும், காகிதப் பை மாதிரி ஓர் உறைக்குள் சிவந்த குண்டுமணி. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி எல்லாம் இதற்கு உறவு.

இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2012-இல் ஹைதராபாத்தில் மன அழுத்தம் உள்ள 64 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வேரின் சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, 60 நாள், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. சாறு எடுத்தவர்களுக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது, அழுத்தமும் நன்றாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் தூக்கத்தைப் பற்றியும் பல ஆய்வுகள் வந்தன, பலன் உண்டு, ஆனால் மிதமான பலன். எல்லாமே சில வார, சில மாத ஆய்வுகள், ஆட்களும் குறைவு. வருடக்கணக்கில் சாப்பிட்டால் எப்படி என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் போஸ்டராகப் போடுகிறார்கள்.

போஸ்டரில் வராத பாதி இது. கல்லீரல் பாதிப்பு அரிதாக வந்திருக்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் 2020-இல் எழுதினார்கள். பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும், சிறுநீர் அடர் நிறத்தில் போகும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் கல்லீரலில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்துவிட்டது. இது தைராய்டு சுரப்பைக் கூட்டும், அதனால்தான் பாய் முதலிலேயே அதைக் கேட்டார். மாசமாக இருப்பவர்களுக்குக் கூடாது. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். பல நூறு வருடமாகச் சாப்பிட்ட கிழங்குதானே என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் வைத்தியர் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, மண்டலக் கணக்கில் கொடுத்து நிறுத்தினார். நாடியும் இல்லை, நிறுத்துகிற நாளும் இல்லை என்று போத்தல் போத்தலாக விழுங்கினால் அது மரபு வைத்தியம் ஆகாது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இரவு ஷிப்ட் வாரங்களில், வீட்டுக்கு வந்து குளித்து, பசியாறி, படுப்பதற்கு முன் வெதுவெதுப்பான பாலில் அரைத் தேக்கரண்டி பிட்டவியல் பொடி, கொஞ்சம் பனங்கற்கண்டு. முதல் சில நாளில் ஒரு மாற்றமும் இல்லை. படுத்ததும் அடித்துப்போட்டது போல் தூங்க வைக்கும் பொருள் இது இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில வாரம் போன பிறகு தூக்கம் வருகிற நேரம் மாறவில்லை, ஆனால் வந்த தூக்கம் இடையில் கலையவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டாலும் சரி. எழுந்தால் தலைபாரம் இல்லை. மனசும் கொஞ்சம் நிதானமாக இருந்தது. இதில் பாலுக்கு எவ்வளவு பங்கு, போனைத் தூர வைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் செய்தேன். பகல் ஷிப்ட் வாரங்களில் எடுப்பதில்லை. தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பதும் இல்லை, பெரும்பாலான ஆய்வுகள் அதற்கு மேல் போகவில்லை என்பதால் நானும் போகவில்லை.

கிழங்குக்கு 5-க்கு 4½. பதிவு பெற்ற கேப்சூலுக்கு 3. பதிவில்லாத பாட்டிலுக்கு மதிப்பெண் கிடையாது, அதைப் பற்றி என்.பி.ஆர்.ஏ.-க்குப் புகார் எழுதியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். காலையிலேயே போங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் கடைகள் தொழுகைக்கு மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். கிழங்கைக் கையில் வாங்கி நீங்களே உடைத்துப் பாருங்கள், உடைக்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் கடைக்காரருக்கும் பதில் சொல்ல எளிது, கிளினிக்கில் டாக்டரிடம் காட்டவும் அதே தாள் உதவும்.